கணக்கெடுத்தவன் வாசலிலே!

எண்ணினார்கள். எழுதினார்கள். அச்சிட்டார்கள். அட்டை கட்டி அலமாரியிலே அடுக்கினார்கள். பிறகு என்ன செய்தார்கள்? மறுபடியும் எண்ணினார்கள்!

செல்வத்திலே சிகரம் தொட்ட நாடு, சந்திரனிலே காலடி பதித்த நாடு, மருத்துவத்துக்காக வேறெந்த நாடும் செலவிடாத அளவுக்குப் பணத்தைக் கொட்டுகிற நாடு — அந்த அமெரிக்க நாட்டின் கதை இது. 1985ஆம் ஆண்டு, அந்நாட்டின் உடல்நலத் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த மார்கரெட் ஹெக்லர் அம்மையார் ஒரு பேரறிக்கையை வெளியிட்டார். வெள்ளையர்க்கு வாய்த்த உடல்நலம் கறுப்பின மக்களுக்கும் மற்றச் சிறுபான்மையினர்க்கும் வாய்த்திருந்தால் நேர்ந்திராத சாவுகள் எத்தனை என்று அந்த அறிக்கை கணக்குப் பார்த்தது. விடை என்ன தெரியுமா, தோழர்களே? ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 60,000!

போரிலே மடிந்தவர்கள் அல்லர். புயலிலே போனவர்கள் அல்லர். பிறந்த தோலின் நிறம் காரணமாக, குடியிருந்த தெருவின் நிலை காரணமாக, கிடைக்காத மருந்தும் கேளாத செவியும் காரணமாக, நாள் வருமுன்னரே நாடி நின்றவர்கள்.

அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டே சிறுபான்மையினர் உடல்நலத்துக்கென்று ஓர் அலுவலகமும் வந்தது. இருபது ஆண்டுகள் உருண்டன. அந்நாட்டின் தலைமை மருத்துவராகப் பணியாற்றி ஓய்ந்த டேவிட் சாச்சர் என்ற கறுப்பின அறிஞர், தம் துணைவர்களுடன் 2005ஆம் ஆண்டு இன்னொரு கணக்கை வெளியிட்டார். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையிலுள்ள சாவு விகித வேறுபாடு நீங்கியிருந்தால், 2002ஆம் ஆண்டின் தரவுப்படி ஆண்டொன்றுக்குத் தவிர்த்திருக்கக் கூடிய சாவுகள் 83,570 என்றது அந்தக் கணக்கு.

கணக்கிடும் முறை வேறு, இடையிலே வளர்ந்த மக்கள்தொகை வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரு கணக்குகளுக்கும் பொதுவான ஓர் உண்மை உண்டே, அதை மறுக்க எவரால் இயலும்? அறியாமையால் நேர்ந்ததல்ல இந்த அவலம். அறிந்தார்கள், ஐயந்திரிபற அறிந்தார்கள். அறிந்தவனிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையவனிடம் அறிவு போய்ச் சேரவில்லை. இரு கரைகளும் இருந்தன, பாலம்தான் இல்லை!

அந்தப் பாலத்தைப் பற்றித்தான் இந்த ஞாயிறன்று உங்களோடு பேச விழைகிறேன்.

நாடகம் எழுதிப் பழகிய கை இது. ஆகவே கற்பனைக் காட்சியொன்றைக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்கிறேன். திரை விலகுகிறது. சட்டமன்ற மாளிகையின் வாயில். காவலன் நிற்கிறான். கட்டுக்கட்டாகக் காகிதம் சுமந்து ஒருவர் வருகிறார்.

காவலன்: யார் ஐயா நீர்?

வந்தவர்: ஆராய்ச்சியாளன்.

காவலன்: கையிலே என்ன கட்டு?

வந்தவர்: கணக்கு. இறந்துபோனவர்களின் கணக்கு. அவர்கள் இறந்திருக்கத் தேவையில்லை என்பதற்கான சான்றும் இதிலே இருக்கிறது.

காவலன்: அப்படியா? அதோ அந்தப் பெட்டியிலே போட்டுவிட்டுப் போம்.

வந்தவர்: பெட்டியைத் திறந்து படிப்பவர் யார்?

காவலன்: அது என் வேலையல்ல.

அந்த நேரத்திலே, பளபளக்கும் காலணி, பதறாத நடை, பல்வரிசை தெரியும் புன்னகை — இவற்றோடு ஒருவர் வருகிறார். காவலன் சலாமிடுகிறான். கதவு தானே திறக்கிறது.

வந்தவர்: அவர் யாரப்பா?

காவலன்: அவரா? மருந்துக் கம்பெனியின் ஆள். நாள்தோறும் வருகிறவர்!

திரை விழட்டும். சிரித்தீர்களா? சிந்தியுங்கள். ஆட்சி மாளிகையின் கதவு எப்போதும் மூடியே கிடக்கிறதென்று எவர் சொன்னார்? இலாபத்தின் தூதர்களுக்கு அது எந்நாளும் திறந்தே இருக்கிறது. வாஷிங்டன் நகரிலே மருந்துத் தொழிலும் காப்பீட்டுத் தொழிலும் தமக்காகப் பரிந்து பேசச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கின்றன. அது ஊரறிந்த தொழில். பதிவேட்டிலே பெயர் எழுதி நடக்கும் தொழில். இலாபத்துக்கு வழக்குரைக்க ஆயிரம் நா. இறந்தவனுக்கு வழக்குரைக்க? ஆய்வாளன் ஒருவன்தான் இருக்கிறான், அவனோ வாசலிலே!

அவனை உள்ளே அழைத்துச் செல்ல ஏற்பட்ட ஏற்பாடுதான் ‘பெல்லோஷிப்’ என்று அவர்கள் வழங்கும் கொள்கை நல்கை. உடல்நல ஏற்றத்தாழ்வை ஆராயும் அறிஞனை ஓராண்டோ ஈராண்டோ ஆய்வுக்கூடத்திலிருந்து அழைத்து, சட்டம் உருவாகும் அறையிலே, துறைத் தலைவரின் மேசைக்குப் பக்கத்திலே அமர்த்துவது. அல்லது ஆட்சி நடக்கும் விதத்தை அவனுக்குக் கற்பித்து அனுப்புவது. அவன் வயிறு காயாதிருக்க ஊதியமும் தருவது. 1973ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் இத்தகைய நல்கையொன்றைத் தொடங்கி அறிவியலாளரைச் சட்டமன்ற அலுவலகங்களுக்கு அனுப்பலாயிற்று. அதே ஆண்டில் ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் உடல்நலக் கொள்கை நல்கையும் பிறந்தது. சிறுபான்மையினர் உடல்நலக் கொள்கைக்கென்றே, காமன்வெல்த் நிதியத்தின் துணையோடு ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலே 1996இல் ஒரு நல்கை தொடங்கியது. இன்று கணக்குச் சொன்ன அதே சாச்சர், இளம் மருத்துவர்களுக்கு ஆய்வும் கொள்கையும் பயிற்றுவித்த ராபர்ட் வுட் ஜான்சன் நல்கையொன்றைப் பெற்றவர்தாம். அவர் தலைமை மருத்துவராக இருந்தபோதுதான், ஏற்றத்தாழ்வைக் குறைப்பது என்றிருந்த பழைய இலக்கு, அறவே ஒழிப்பது என்ற இலக்காக நாட்டின் பத்தாண்டு உடல்நலத் திட்டத்திலே 2000ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டது.

கல்லூரிப் படியை இடையிலே விட்டு இறங்கி வந்தவன் நான். பட்டதாரிகளுக்குப் பணமும் பதவியும் கேட்டு வாதாட எனக்கென்ன வந்தது என்று வியக்கிறீர்களா? பட்டத்துக்காகப் பேசவில்லை, தோழர்களே! பாடையிலே போகிறவனுக்காகப் பேசுகிறேன்.

எதிர்ப்போர் என்ன சொல்கிறார்கள்? “ஆராய்ச்சியாளனுக்கு அரசியல் எதற்கு? அவன் உண்மையைக் கண்டு சொல்லட்டும். உள்ளே வந்து உபதேசம் செய்ய வேண்டாம். அறிவியல் தூய்மையானது, அரசியல் தீண்டினால் தூய்மை கெடும்” என்கிறார்கள். இனிக்கும் சொற்கள்! இந்தத் தூய்மையின் இலட்சணத்தை அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயிலே பார்ப்போம், வாருங்கள்.

1932ஆம் ஆண்டு அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவைத் துறை அங்கே ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியது. 600 கறுப்பின ஆடவர்கள். பெரும்பாலோர் ஏழைக் குடியானவர்கள். 399 பேருக்கு மேகப்புண் நோய்; 201 பேருக்கு அந்நோய் இல்லை. ‘கெட்ட இரத்தம்’ என்றார்கள் அவர்களிடம். சோதனை இலவசம், சோறு இலவசம், செத்தால் அடக்கச் செலவுக்கும் பணம்! ஆராய்ச்சியின் நோக்கம் என்ன? மருந்தின்றி விட்டால் நோய் எப்படி வளர்கிறது, மனிதன் எப்படி மடிகிறான் என்று பார்ப்பது! 1940களின் இறுதிக்குள் பென்சிலின் அந்நோய்க்குரிய மருந்தென நாடெங்கும் நிலைபெற்றுவிட்டது. கொடுத்தார்களா? கொடுக்கவில்லை. மறைத்தாவது வைத்தார்களா? அதுவுமில்லை! மருத்துவ ஏடுகளிலே கட்டுரை கட்டுரையாக வெளியிட்டார்கள். படித்த பெருமக்கள் படித்தார்கள், பக்கத்தைப் புரட்டினார்கள்.

பீட்டர் பக்ஸ்டன் என்பவர் அத்துறையின் கடைநிலை ஊழியர்களுள் ஒருவர். 1966இல் இது அடாது என்று எழுதினார். 1968இல் மறுபடியும் எழுதினார். 1969இல் அறிஞர் குழு கூடியது. ஆராய்ச்சி தொடரட்டும் என்று முடிவு கட்டியது! கடைசியிலே அவர் செய்தியாளர்களை நாடினார். 1972 ஜூலையில் செய்தித்தாளிலே வெளிவந்த பிறகே, நாற்பதாண்டுக் கொடுமை நின்றது. 1974இல் ஆராய்ச்சிக்கு ஆளாகும் மனிதரைக் காக்கச் சட்டம் வந்தது. குடியரசுத் தலைவர் கிளிண்டன் நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டது 1997இல்.

எண்ணுவதோடு என் கடன் தீர்ந்தது, தடுப்பது என் தொழிலல்ல என்று சொல்லும் ஆராய்ச்சியின் முடிவு இதுதான். தூய்மையாம் தூய்மை! எரியும் வீட்டின் வெப்பத்தை அளந்து ஏட்டிலே குறித்துக்கொண்டு, தண்ணீர்க் குடத்தைத் தொடமாட்டேன் என்பவனுக்குத் தூயவன் என்றா பெயர்?

இன்னொன்றையும் கவனியுங்கள். பக்ஸ்டனின் முதற்கடிதம் ஒதுக்கப்பட்ட அதே 1966இல், அதே பொதுச் சுகாதாரச் சேவைத் துறையின் வேறு ஊழியர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? முதியோர்க்கான மெடிகேர் மருத்துவக் காப்பீடு அந்த ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்குவதாக இருந்தது. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ, இனம் பார்த்து ஒதுக்கும் நிறுவனத்துக்கு அரசுப்பணம் இல்லை என்று விதித்திருந்தது. வெள்ளையர்க்கு விசாலமான கூடம், கறுப்பர்க்குப் பின்கட்டு அல்லது நிலவறை — இதுவே தென்மாநில மருத்துவமனைகள் பலவற்றின் வழக்கம். 1946ஆம் ஆண்டுச் சட்டமொன்று இந்தப் பிரிவினைக்கு இடங்கொடுத்து, மருத்துவமனை கட்டப் பணமும் கொடுத்திருந்தது! ‘பிரித்து வைத்தால் மெடிகேர் பணம் கிடையாது’ என்ற ஒரே விதியை ஏந்திக்கொண்டு ஊழியர்கள் ஊர் ஊராகப் போனார்கள். கட்டில் கட்டிலாகப் பார்த்தார்கள். நூறாண்டு அறிவுரைக்கு அசையாத சுவர்கள் சில மாதங்களிலே சரிந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் அந்தக் குறுகிய காலத்திலே பிரிவினையைக் கைவிட்டன.

துறை ஒன்று, ஆண்டு ஒன்று. விதியைக் கையிலெடுத்த கை உயிர் காத்தது. ஏட்டை மட்டும் பிடித்த கை உயிர் போவதை எழுதிக்கொண்டிருந்தது. இதைவிடச் சான்று இனி எதற்கு?

அடுத்தபடியாக ஒரு வாதம் வரும். “எண்களே பேசும், உண்மை தானே வெல்லும்; ஆள் எதற்கு?” என்பார்கள். எண்ணுக்கு ஏது நாக்கு? எவன் கையிலே அகப்படுகிறதோ, அவன் குரலிலே பேசும் எண்!

1896ஆம் ஆண்டு, புருடென்ஷியல் காப்பீட்டுக் கம்பெனியின் புள்ளியியல் அலுவலர் பிரடெரிக் ஹாஃப்மன் ஒரு நூல் வெளியிட்டார். கறுப்பின மக்களின் சாவு விகிதத்தை அடுக்கினார். முடிவு என்ன கூறினார்? வாழும் நிலைமை காரணமல்ல, இனத்தின் இயல்பே காரணம், இந்த இனம் தானே அழியும் என்றார்! காப்பீட்டுக் கம்பெனிக்கு எத்தனை வசதியான முடிவு! குற்றம் வீட்டிலும் இல்லை, கூலியிலும் இல்லை, குடிநீரிலும் இல்லை. குருதியிலே இருக்கிறது என்று சொல்லிவிட்டால் எவன் எதற்குச் செலவிட வேண்டும்?

அதே ஆண்டு, ஹார்வர்டிலே முனைவர் பட்டம் வென்ற கறுப்பின இளைஞர் டு போய்ஸ் அவர்களைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் ஆய்வு செய்ய அழைத்தது. பிலடெல்பியாவின் ஏழாம் வட்டத்திலே குடியேறி, தெருத்தெருவாக நடந்து, ஏறத்தாழ 2,500 குடும்பங்களை நேரிலே கண்டு விசாரித்தார் அவர். 1899இல் வெளியான அவர் நூல், நோய்க்குக் காரணம் நெருக்கடியான வீடு, குறைந்த கூலி, அடைபட்ட வாய்ப்பு என்று அடுக்கடுக்காக எடுத்துக் காட்டியது. அழைத்த பல்கலைக்கழகம் அவரை எங்கே அமர்த்தியது? துணைப் பயிற்றுநர் என்றொரு பெயர். பாடம் நடத்த மாணவர் இல்லை. பேராசிரியர்களோடு அமர இருக்கை இல்லை! அவர் மறைந்தது 1963இல். அதே பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்புப் பேராசிரியர் என்ற மதிப்பை வழங்கியது எப்போது? 2012இல்! அழைத்துப் பார்த்து 116 ஆண்டுகள் கழித்து, கல்லறைக்கு ஒரு நாற்காலி!

இருவரும் எண்ணினார்கள். ஒருவர் எண் காப்பீட்டுக் கம்பெனியின் கூடத்திலே கொலுவிருந்தது. மற்றவர் எண் நூலகத்திலே நூலாம்படை போர்த்திக் கிடந்தது. உண்மை தானே வெல்லும் என்று உரைப்பவர்களே, எத்தனை ஆண்டிலே வெல்லும் என்று மட்டும் சொல்லுங்கள்! நோயாளி அதுவரை காத்திருப்பானா?

சரி, அறிந்தவன் உள்ளே நுழைந்தால் என்ன நடக்கும்? நாம் வாழும் காலத்திலேயே நடந்த இரண்டைச் சொல்கிறேன்.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. 1999இல் வந்த சூத்திரத்திலே ஒரு விந்தை: நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை ஏறத்தாழ 1.2 மடங்காகப் பெருக்கு என்றது! கறுப்பருக்குத் தசை அதிகம் என்ற அனுமானம் அதற்கு முட்டுக்கொடுத்தது. பெருக்கினால் என்ன கெட்டது? கேளுங்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையிலே காத்திருப்புக் காலம் கணக்காவதற்கு அந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே வரவேண்டும். வெள்ளையருக்கு 17 வந்தால் வரிசையிலே இடம். அதே நோய், அதே இரத்தம், அதே 17 கறுப்பருக்கு வந்தால், பெருக்கிப் பார், 20.4! ‘உனக்கு இன்னும் முற்றவில்லை, போய் வா’ என்று திருப்பி அனுப்பியது சூத்திரம். துப்பாக்கி இல்லை, தூக்குமேடை இல்லை. ஒரு பெருக்கல் குறி மட்டும்!

ஆய்வாளர்களும் மருத்துவர்களும் மாணவர்களும் மூட்டிய எதிர்ப்பு, தீர்மானம் செய்யும் மேசைவரை சென்றது. 2021இல் சிறுநீரக அறிஞர் குழு அந்தப் பெருக்கலை நீக்கச் சொன்னது. 2022இல் உறுப்பு மாற்று ஒழுங்கமைப்பு அதைத் தடை செய்தது. பழைய அநீதிக்குப் பரிகாரமாக, இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் மருத்துவமனைகளுக்கு விதியும் வந்தது. 2024ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களுக்குள் 14,000க்கு மேற்பட்ட கறுப்பின நோயாளிகளுக்குக் காலம் திருத்தப்பட்டது. பெருக்கல் குறி ஒன்றை அழித்தார்கள். பின்னே நின்றவர்கள் முன்னே வந்தார்கள்!

அடுத்தது, தாய்மாரின் கதை. மகப்பேற்றை ஒட்டிய சாவுகளை 36 மாநிலங்களின் ஆய்வுக் குழுக்கள் 2017 முதல் 2019 வரை ஒவ்வொன்றாக ஆராய்ந்தன. அவற்றிலே பாதிக்கு மேல், குழந்தை பிறந்து ஒரு வாரம் கழிந்து, ஓராண்டு முடிவதற்குள் நேர்ந்தவை. ஐந்திலே நான்குக்கு மேல் தவிர்த்திருக்கக் கூடியவை. ஏழைத் தாய்க்கு அரசு தரும் மெடிகெய்ட் காப்பு எத்தனை நாள் இருந்தது? பிரசவித்து 60 நாள்! சாவுக்கு ஓராண்டு அவகாசம். சட்டத்துக்கு இரண்டே மாதப் பொறுமை! குழுக்கள் கணக்கை மேசைமேல் வைத்தன. 2021ஆம் ஆண்டுச் சட்டம், காப்பை ஓராண்டுக்கு நீட்ட மாநிலங்களுக்கு வழி திறந்தது. மிகப் பெரும்பாலான மாநிலங்கள் அவ்வழியே வந்துவிட்டன. போதுமா? போதாது. 2023ஆம் ஆண்டிலும் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு வெள்ளைத் தாயர் 14.5 பேர் மடிந்தபோது, கறுப்பினத் தாயர் மடிந்தது 50.3 பேர். வழி திறந்திருக்கிறது; பயணம் முடியவில்லை.

இவ்வளவும் நல்கைகளால் மட்டும் நடந்தன என்று நான் சொல்லவில்லை. போராடியவர்கள் இருந்தார்கள், வழக்காடியவர்கள் இருந்தார்கள், புண்பட்டவர்கள் முன்னின்றார்கள். நான் சொல்வது இதுதான்: ஒவ்வொரு வெற்றியிலும், அறிந்தவன் விதி செய்யும் இடத்தை எட்டினான். அந்த எட்டுதலைத் தற்செயலுக்கு விட்டுவிடாதே, தடம் போட்டு வை என்பதே நல்கையின் நியாயம்.

நல்கையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன். முதற்கேள்வி: யாருடைய பணம் இது? ஜான்சன் அறக்கட்டளையின் செல்வம், மருந்தும் கட்டுத்துணியும் விற்ற ஒரு மாபெரும் கம்பெனியின் பங்குகளிலிருந்து வந்தது. கொடுத்த கையை நான் பழிக்கவில்லை. ஆனால் ஏழையின் உயிருக்கு வழக்குரைக்கும் உரிமை, செல்வரின் ஈகையை நம்பியா நிற்பது? வள்ளல் மனம் மாறினால் வழக்கு என்னாகும்?

அரசுப் பணமாக இருந்தால் மட்டும் என்ன? கேளுங்கள். சிறுபான்மையினர் உடல்நலத்துக்கென 1990இல் ஓர் அலுவலகமாக முளைத்து, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் மையமாக வளர்ந்து, 2010இல் தேசிய நிறுவனமாகத் தழைத்தது ஓர் அமைப்பு. அதை அடியோடு நீக்கிவிடலாம் என்று 2025 மே மாதத்திலே டிரம்ப் ஆட்சியின் நிதிநிலைத் திட்டம் முன்மொழிந்தது! அந்த ஆண்டிலேயே ஏற்றத்தாழ்வை ஆராயும் நல்கைகள் நூற்றுக்கணக்கிலே வெட்டப்பட்டன. பாதி வழியிலே ஆய்வு நின்றது. ஜூன் மாதத்திலே வில்லியம் யங் என்ற நீதிபதி, வெட்டியது சட்டத்துக்குப் புறம்பு என்றார். ஆகஸ்டு மாதத்திலே உச்சநீதிமன்றம், வழக்குக்குரிய மன்றம் வேறு என்று சொல்லி, வெட்டியது வெட்டியபடியே நிற்க 5க்கு 4 என்ற வாக்கிலே வழிவிட்டது.

பார்த்தீர்களா? முப்பத்தைந்து ஆண்டு வளர்த்த மரத்துக்கு மூன்று மாதத்திலே கோடரி! ‘வேறுபாட்டைப் பேசுவதுதான் வேறுபாட்டை வளர்க்கிறது’ என்கிறார்கள் வெட்டியவர்கள். வெப்பமானியை உடைத்தால் காய்ச்சல் தணியுமா? கணக்கை எரித்தால் கல்லறை குறையுமா? 14.5க்கும் 50.3க்கும் இடையிலுள்ள பள்ளம், பேசாதிருந்தால் தூர்ந்துவிடுமா?

ஆகவே கேட்கிறோம். கெஞ்சிக் கேட்கவில்லை, காரணம் காட்டிக் கேட்கிறோம்.

ஒன்று: இந்த நல்கைகள் வள்ளலின் விருப்பத்திலும் ஆள்வோரின் கையொப்பத்திலும் தொங்கக்கூடாது. சட்டத்திலே வேர் விடவேண்டும். ஆட்சி மாறினாலும் ஆண்டு மாறினாலும் அசையாத நிதி வேண்டும்.

இரண்டு: நல்கை பெறுவோர், நோய் தாக்கும் தெருக்களை அறிந்தவர்களாக இருக்கவேண்டும். ஏழாம் வட்டத்திலே குடியேறி வாழ்ந்த டு போய்ஸுக்குத் தெரிந்தது, காப்பீட்டு அலுவலகத்திலே அமர்ந்திருந்த ஹாஃப்மனுக்குத் தெரியவில்லை அல்லவா?

மூன்று: ஓராண்டு அமர்த்தி, புகைப்படம் எடுத்து, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடும் சடங்காக இது சுருங்கக்கூடாது. ஆய்வாளன் வைக்கும் ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஆட்சியாளர் எழுத்திலே பதில் தரவேண்டும். ஏற்றோம் என்றால் எந்த நாளிலிருந்து? மறுத்தோம் என்றால் எந்தக் காரணத்தால்? பதில் சொல்லும் கடமை இல்லாத இடத்திலே, பக்கத்து நாற்காலியும் பழைய பெட்டிதான்!

மீண்டும் திரையைத் தூக்குங்கள். அதே வாயில். அதே காவலன். அதே கட்டுக் காகிதத்தோடு அதே ஆராய்ச்சியாளன். ‘பெட்டியிலே போட்டுவிட்டுப் போம்’ என்கிறான் காவலன். இம்முறை வந்தவர் போகவில்லை, வாசலிலேயே நிற்கிறார். அவருக்குப் பின்னாலே, பிரசவித்த குழந்தையை ஏந்திய தாய் நிற்கிறாள். பெருக்கல் குறியால் பின்தள்ளப்பட்ட நோயாளி நிற்கிறார். டஸ்கிகீயின் 600 பேருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

இந்த நாடகத்தின் முடிவை நான் எழுத முடியாது, தோழர்களே! கதவுக்கு உள்ளே இருப்பவர்கள்தாம் எழுதவேண்டும். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். 1985இல் எண்ணினார்கள், 60,000 என்றார்கள். 2005இல் எண்ணினார்கள், 83,570 என்றார்கள். கதவைத் திறக்காமல் இன்னொரு முறை எண்ணப் போகிறவர்கள், அந்த ஏட்டுக்கு ஆராய்ச்சி என்று பெயர் சூட்ட வேண்டாம். அறிந்தே விட்டுவிட்ட உயிர்களின் பட்டியலுக்குரிய பெயர், குற்றப்பத்திரிகை!